இரண்டு தக்கைப் போத்தல்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, பஸ் சாரதிச் சீருடையோடு முழங்காலில் நின்று, யேசுவின் திருவிருதயப் படத்துக்குக் கீழே இருந்த அலுமாரிக்குள் தலையை விட்டிருந்தார் செபமாலைமுத்து. யாராவது பார்த்திருந்தால் செபிக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர் தேடிக்கொண்டிருந்தது ஒரு வைன் போத்தலை.

"இஞ்சேரப்பா! இதுக்குள்ளை படுக்க வைச்சிருந்த போத்தல் எங்கை?"

அருமைநாயகி தேத்தண்ணிக் கோப்பையோடு குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எது, வெள்ளைச் சீலை சுத்தினதோ? அதை ஞாயிற்றுக்கிழமை பூசையிலை காணிக்கையாக் குடுத்தாச்சே."

"காணிக்கையாவோ!"

"பின்னை? பீடத்துக்குக் கீழை, வெள்ளைச் சீலையிலை சுத்தி, வைன் போத்தல். வேறை என்னத்துக்கெண்டு நான் நினைக்கிறது? இந்தமுறை காணிக்கைப் பவனி எங்கடை வீட்டு முறை. மனுசன் மறக்காமல் வாங்கி வைச்சிருக்கிறார் எண்டு சந்தோஷப்பட்டனான்." கோப்பையை நீட்டியவள் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாள். "அதோடை, கோயில் பீடம்வரைக்கும் தூக்கிக்கொண்டு போனதே நீங்கள்தானே!"

அது உண்மைதான். சீலைக்குள் இருப்பது என்னவென்று பார்க்காமல், காணிக்கைப் பாட்டை மற்றவர்களைவிட ஒரு சுருதி கூட்டிப் பாடிக்கொண்டு, அவரே தன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போயிருந்தார். அன்றைக்குப் பவனி வெகு பக்தியாக இருந்தது என்று நாலு பேர் வேறு சொல்லியிருந்தார்கள்.

போத்தலின் வரலாறு தெரிந்தால்தான் மனிதர் ஏன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார் என்பது விளங்கும்.

செபமாலைமுத்தரின் ஒரே மகள் ஜெனோஜா, விம்பிள்டன் கதிரேசனைக் கட்டப்போகிறாள். பையன் மலேசியத் தமிழன், சைவம். இவர்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். நாடு, சமயம், சாப்பாடு என்று வரக்கூடிய சண்டைகளை எல்லாம் பிள்ளைகள் இரண்டு வருடத்தில் தங்களுக்குள்ளேயே பிடித்து முடித்துவிட்டதால், பெரியவர்களுக்கு மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. பத்து நாளைக்கு முன்னர் பையனின் தகப்பன் மெய்யப்பன், மனைவி ரதியோடு, கிழக்கு இலண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த முத்தர் வீட்டுக்கு வந்தார். வரும்போது ஒரு போத்தலைப் பச்சைக் குழந்தையைப்போல ஏந்தி வந்தார்.

"ஸ்பெயின் நாட்டு ரியோஹா அண்ணே. கிரான் ரிசர்வா. ஓக் பீப்பாயில மூணு வருஷம் தூங்கி, மிச்ச வருஷம் எல்லாம் பாட்டிலுக்குள்ள தூங்கினது. கதிர் பிறந்த வருஷத்துத் திராட்சை. நிச்சயத்தன்னிக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து திறக்கணும். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். இருட்டா, குளிர்ச்சியா, படுக்க வச்சு வைங்க." அப்புறம் ஆசையோடு கேட்டார். "குடிப்பீங்கதானே?"

முத்தர் குடிப்பதில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னர் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது, உயிரோடு இலண்டன் போய்ச் சேர்ந்தால் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தவர். வந்து சேர்ந்தார், தொடவில்லை. ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது, எதிரே இருந்த ஜெனோஜா கண்ணாலேயே 'அப்பா, ப்ளீஸ்' என்றாள்.

"ம்ம்ம்," என்றார் முத்தர். அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.

மெய்யப்பன் தலையாட்டினார். "மூத்தவனோட மாமனாரும் தங்கமான மனுஷன். ஆனா பாருங்க..." என்று தொடங்கி, அருமைநாயகி வைத்துவிட்டுப் போன ஆரஞ்சு ஜூஸைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, வசனத்தை முடிக்காமலே விட்டுவிட்டார்.

அவர்கள் போனதும் முத்தர் வீடு முழுக்க இருட்டும் குளிரும் தேடினார். வரவேற்பு நடையில் இருந்த ஹீட்டர் மூன்று வருடமாக வேலை செய்வதில்லை. அங்கேதான் திருவிருதயப் படமும் அதன் கீழே அலுமாரியும். கண்ணாடி கீறுப்படக்கூடாது என்று சீலையையும் சுற்றி வைத்தார்.

வருகிற சனிக்கிழமை நிச்சயதார்த்தம்.

"நான் ஃபாதரிட்டைப் போய் விஷயத்தைச் சொல்லித் திருப்பி வாங்கியாறன்," என்று எழும்பினார்.

அருமைநாயகி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஆண்டவருக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேட்கப்போறீங்களோ? பேந்து நான் கோயில் வாசலிலை கால் வைக்க ஏலாது! என்னத்தையும் செய்யுங்கோ, காணிக்கை எண்ட கதை மட்டும் உங்கடை வாயிலையிருந்து வரப்படாது. படத்திலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

முத்தர் சத்தியம் பண்ணினார். மாதாவுக்கு ஒன்று, அவள் மகன் யேசுவுக்கு ஒன்று என்று அவருக்கு இப்போது இரண்டு வாக்குகள்.

ஆறரைக்குப் பங்குமனை மணியை அடித்தார். மன்னாரைச் சேர்ந்த ஃபாதர் லெஸ்லி, சவரம் பாதியில் நிற்க, ஒரு பக்கக் கன்னத்தில் நுரையோடு கதவைத் திறந்தார்.

"ஃபாதர், உந்த ஞாயிற்றுக்கிழமை வைன்... ஏதும் மிச்சம் கிடக்குதோ?"

ஃபாதர் மணிக்கூட்டைப் பார்த்தார். "அண்ணை, இப்ப ஆறரை."

"தெரியும் ஃபாதர். வேலைக்குப் போக முதல் எடுத்துப்போட்டால் நிம்மதி. இல்லாட்டி நாள் முழுக்க எனக்கு வேறை ஒண்டும் ஓடாது."

"பஸ் ஓட்ட முதலோ?"

"ஓம்."

ஃபாதர் நுரையைத் துடைத்தார். "நேற்று விம்பிள்டனிலையிருந்து ஒரு அம்மா போன் எடுத்தவ. சம்பந்த விஷயமாய் உங்களை விசாரிக்க. 'முத்தண்ணையோ? முப்பத்தைஞ்சு வருஷமாய் ஒரு சொட்டும் தொடாத மனுசன்' எண்டு அடிச்சுச் சொன்னனான்."

"நல்லது ஃபாதர்."

"நல்லதுதான்." ஃபாதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பூசைக்கு எங்களுக்கு வேறை வைன் வாறது. உந்தப் போத்தலைச் சமையலுக்கு உதவும் எண்டு மேரிசாந்தி அக்காவிட்டைக் குடுத்திட்டன். வீட்டிலை ஏதும் பிரச்சினையோ அண்ணை?"

"ஒண்டுமில்லை," என்று சொல்லும்போதே முத்தர் ஓடத் தொடங்கியிருந்தார்.

மேரிசாந்தி அக்கா பங்கில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் பன்றிக்கறி காய்ச்சிக் கொடுப்பவர். முத்தர் ஷிப்டு முடித்து அங்கே போனபோது மூன்றரை மணி. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் போத்தலோ தம்பி? நேற்று ஒரு ஞானஸ்நான வீட்டுக்கு இருபது கிலோ பன்றி. பாதியிலை வினாகிரி முடிஞ்சுபோச்சு. உதைத்தான் ஊத்தினனான். சொல்லக்கூடாது, ஒரு தனி வாசம்!"

ஓக் பீப்பாயில் தூங்கியது, போத்தலில் தூங்கியது எல்லாம் இப்போது ஒரு ஞானஸ்நான வீட்டார் வயிற்றில் தூங்குகிறது.

"முழுக்கவோ அக்கா? அடியிலை கொஞ்சம்... ஒரு வாய்?"

"போத்தலை வெளியிலை தொட்டிக்குள்ளை போட்டிட்டன்."

ஐந்து நிமிடம் கழித்து மேரிசாந்தி அக்கா யன்னலால் பார்த்தபோது, பஸ் சாரதிச் சீருடையில் ஒரு மனிதன் மீள்சுழற்சித் தொட்டிக்குள் இடுப்பு வரை குனிந்து, போத்தல்களை ஒவ்வொன்றாய் எடுத்து, லேபிளைப் படித்துப் படித்து வைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்து அதைக் கவிழ்த்துப் பார்த்தான். ஒரு சொட்டும் வரவில்லை. ஆனாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

வெறும் போத்தல் என்றாலும் போத்தல் போத்தல்தானே. லேபிளில் ஒரு கீறல் இல்லை. ஒரே ஒரு குறை. தக்கையை வெளியே இழுக்கத் தெரியாத அக்கா, அகப்பைக் காம்பால் அதை உள்ளே குத்தித் தள்ளியிருந்தார். குலுக்கினால் உள்ளே 'டொக் டொக்' என்று உருண்டது.

"தம்பி," என்றார் அக்கா கதவடியில் நின்று, கண் கலங்கி. அது வெங்காயமாகவும் இருக்கலாம். "அருமைநாயகிக்கு இது தெரியுமோ?"

"தெரியும் அக்கா. அவதான் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டவ."

"ஐயோ பாவம், அந்தப் பிள்ளை," என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்தால் ஜெனோஜா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாள்.

"அப்பா, சம்திங் இஸ் ராங். கதிரின்ரை அப்பா நேற்றிலையிருந்து ஒருத்தரோடையும் கதைக்கிறாரில்லையாம். 'சனிக்கிழமை அவசரமா போகணுமா' எண்டு கேட்டவராம். நீங்கள் அங்கிளுக்கு ஏதும் சொன்னீங்களா?"

"நான் என்னத்தைச் சொல்லுறது!"

அவள் அழவில்லை. அழாமல், கண்ணை அகல விரித்துக்கொண்டு, படத்தைப் பார்த்தபடி நின்றாள். சின்னதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் நிற்பாள். இந்தப் பிள்ளையின் வாழ்க்கை அந்தப் போத்தலில்தான் தொங்குகிறது என்று முத்தருக்கு அப்போதே நிச்சயமாகிவிட்டது. மெய்யப்பன் எதற்காக மனம் மாறினாரோ தெரியாது, ஆனால் சனிக்கிழமை அந்தப் போத்தலைக் கண்டால் திரும்ப மாறுவார். காணாவிட்டால் அவ்வளவுதான்.

புதன்கிழமை மதிய இடைவேளையில் நகரத்துக்குள் ஒரு பெரிய வைன் கடைக்குப் போனார். ஏப்ரன் கட்டிய பெடியன் வெறும் போத்தலை வாங்கி, லேபிளைத் தடவி, இந்த வருஷத்துச் சரக்கு இனி யாராவது செத்தால்தான் ஏலத்துக்கு வரும் என்றான். பிறகு சீருடையைப் பார்த்து, ஐயா இன்றைக்கு எந்த வழித்தடம் ஓட்டுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டான். முத்தர் போத்தலைப் பறித்துக்கொண்டு வெளியே வந்தார்.

வியாழக்கிழமை லீவு. காலை ஒன்பது மணிக்குச் சண்முகராசாவின் கடையில் நின்றார். முன்பக்கம் முருங்கைக்காயும் மரவள்ளியும், பின்பக்கம் குடிவகை. இருபது வருடத்தில் முத்தர் பின்பக்கம் போனதே இல்லை.

"முத்தண்ணை, வழி மாறி வந்திட்டீங்கள்," என்றார் சண்முகராசா.

முத்தர் பையிலிருந்து வெறும் போத்தலை எடுத்தார். "இதைப்போல ஒண்டு வேணும். இதே ஊர், இதே நிறம். ஓக் பீப்பாயிலை கிடந்ததாய் இருக்கோணும்."

சண்முகராசா லேபிளைப் பார்த்து விசிலடித்தார். "உதை முடிச்சிட்டீங்களோ? நான் உங்களை என்னவோ எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். என்னட்டை இதுதான் கிடக்கு. அதே ஊர்தான். ஓக்கிலை மூண்டு வருஷம் இல்லை, மூண்டு மாசம் இருந்திருக்கும்."

"காணும். திறந்து தாருங்கோ. புனல் ஒண்டும் வேணும்."

"புனலோ?"

"இந்தப் போத்தலுக்குள்ளை மாத்தோணும்."

சண்முகராசா புனலைத் தேடி எடுத்தார். மலிவானதைக் குடித்துக்கொண்டு, விலைகூடினதைக் குடிப்பதாகக் காட்டுகிற ஆட்கள் அவருக்குப் புதிதில்லை. ஆனால் அது முத்தண்ணையாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

புனல் வைத்து ஊற்றினார்கள். முக்கால்வாசி வரை எல்லாம் நல்லாய்த்தான் போனது. உள்ளே கிடந்த பழைய தக்கை வைனோடு சேர்ந்து மெல்ல மெல்ல மிதந்து மேலே வந்தது. கழுத்தில் வந்து இறுகியது. ஊற்றின வைன் போக இடமில்லாமல் புனல் நிரம்பி வழிந்து, முத்தரின் வெள்ளைச் சேட்டின் முன்பக்கத்தை முழுதாய் நனைத்தது.

துடைக்கத் துடைக்கப் பரவியது. போத்தலைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, குறுக்குத் தெருவால் வீட்டுக்கு விரைந்தவரின் எதிரே, நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு ஃபாதர் லெஸ்லி சைக்கிளில் வந்தார். சைக்கிளை நிறுத்தினார். மூக்கைச் சுருக்கினார்.

"அண்ணை. மேரிசாந்தி அக்கா எல்லாத்தையும் சொன்னவ."

"ஃபாதர், இது நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை."

"அப்ப என்னெண்டு சொல்லுங்கோ."

முத்தர் வாயைத் திறந்தார். திருவிருதயப் படம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அருமைநாயகி அதைவிடக் கிட்ட வந்தாள். வாயை மூடினார்.

"நான் அந்த விம்பிள்டன் அம்மாவுக்கு உங்களைப் பற்றி அடிச்சுச் சொன்னனான்," என்றார் ஃபாதர் கவலையாக. "ஒரு குடும்பத்தை ஏமாத்தின பாவம் என்ரை தலையிலை இருக்கக்கூடாது. நான் சொன்னதைத் திருத்தத்தான் வேணும்."

"ஃபாதர், ஒரு கிழமை பொறுங்கோ! ஒரே ஒரு கிழமை!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுறவை அண்ணை," என்றுவிட்டு ஃபாதர் சைக்கிளை மிதித்தார்.

அன்றைக்கு முழுக்க முத்தர் இருந்த இடத்தில் இருக்கவில்லை. குசினிக்கும் நடைக்கும் நடந்தார். போன் அடித்த போதெல்லாம் அதற்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு எடுக்கப் பயந்தார். ஃபாதர் சொல்லியிருப்பார். விம்பிள்டனில் இப்போது தலையில் கை வைத்துக்கொண்டு இருப்பார்கள். முப்பத்தைந்து வருடம் ஒரு சொட்டும் தொடாதவன் மகளுடைய கல்யாணம், குடிகாரன் மகள் என்று குழம்பப்போகிறது. அவருக்கு அழுகைகூட வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஜெனோஜா மாடியிலிருந்து துள்ளிக்கொண்டு இறங்கினாள்.

"அப்பா! தே ஆர் கமிங்! அங்கிளுக்கு இப்ப சரியாம். நேற்றுப் பின்னேரத்திலையிருந்து ஒரே சந்தோஷமாம். 'பாட்டில் பத்திரமா இருக்கா' எண்டு கேக்கச் சொன்னவராம்."

அப்படியென்றால் ஃபாதர் மனமிரங்கி வாயை மூடிக்கொண்டார் என்று முத்தர் கணக்குப் போட்டார். ஃபாதர் இரங்கிவிட்டார், இனி தக்கைதான் இரங்க வேண்டும். கடையில் கழற்றின தக்கையைச் சுடுதண்ணியில் ஊறவைத்து, பழைய தக்கை மேல் வராமல் பார்த்து, உலக்கையால் மெல்லத் தட்டி ஏற்றினார். அது கோணலாகத்தான் நின்றது. கோணல் தெரியாமல் இருக்க, மடுத் திருவிழாவில் இருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த மெழுகுதிரியை உருக்கி மேலே ஊற்றினார்.

"மாதாவே, நான் குடிக்கத்தானே மாட்டன் எண்டனான், அடைக்க மாட்டன் எண்டு சொல்லேல்லைத்தானே," என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை பத்தரைக்கு மெய்யப்பன் குடும்பம் தட்டுகளோடு வந்து இறங்கியது. பழத்தட்டை மெய்யப்பனே தூக்கி வந்தார். மோதிரம் மாற்றியாயிற்று. சிற்றுண்டி வந்தது. மெய்யப்பன் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"அண்ணே, நம்ம ஆளைக் கொண்டாங்க."

முத்தர் போத்தலைக் கொண்டுவந்தார். மெய்யப்பன் மெழுகைப் பார்த்தார். விரலால் சுரண்டினார். கோணல் தக்கையைப் பார்த்தார். அது ஒரு இழுப்பிலேயே வந்துவிட்டது. போத்தலைக் கிண்ணத்தில் சரித்தார்.

ஒரு சொட்டும் விழவில்லை.

குலுக்கினார். இன்னும் சரித்தார். போத்தலைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கழுத்துக்குள் பார்த்தார். மேசையிலிருந்த கரண்டிக் காம்பை எடுத்து உள்ளே குத்தினார். 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"பாட்டிலுக்குள்ள இன்னொரு தக்கை," என்றார்.

அருமைநாயகி படத்தைப் பார்த்தாள். ஜெனோஜா தகப்பனைப் பார்த்தாள். முத்தர் நிலத்தைப் பார்த்தார்.

மெய்யப்பன் இரண்டு கிண்ணங்களில் ஊற்றினார். ஒன்றை எடுத்து மணந்தார். ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடினார். கண் திறந்தபோது அதில் தண்ணீர் நின்றது. எழுந்து வந்து முத்தரின் இரண்டு தோளையும் பிடித்தார்.

"ரெண்டு வாரம்கூடத் தாங்கலையா அண்ணே?" என்றார் மிக மெதுவாக.

முத்தரை இறுகக் கட்டிப்பிடித்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கார்ல ஒண்ணு இருக்கு, இப்ப வந்துடறேன்," என்று கதிரேசனையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். யன்னலால் பார்த்தபோது தகப்பனும் மகனும் கார் டிக்கியிலிருந்து ஒரு மரப்பெட்டியை மூச்சைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு பெட்டிகள் இருந்தன.

முத்தருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சத்தியமாவது ஒன்றாவது! மேசையில் மற்றக் கிண்ணம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் நின்ற ரதியிடம் திரும்பினார்.

"தங்கச்சி, நான் உண்மையைச் சொல்லிப்போடுறன். போத்தலிலை இருந்தது அது இல்லை. ஆனால் அதை நான் குடிக்கேல்லை. மடு மாதா அறிய, முப்பத்தைஞ்சு வருஷமாய் ஒரு சொட்டும்..."

ரதி அவர் வாயைப் பொத்தாத குறை. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், கிண்ணத்தை எடுத்து முத்தரின் கையில் வைத்து அழுத்தினார், குரலை இறக்கினார்.

"ஐயோ, அதை மட்டும் வெளிய சொல்லிடாதீங்க அண்ணே! நீங்க குடிக்காத ஆளுன்னு ஃபாதர் சொன்ன அன்னிக்கே 'இன்னொரு ஆரஞ்சு ஜூஸ் சம்பந்தி எனக்கு வேணாம்'னு போர்த்திக்கிட்டுப் படுத்தவரு, காலையில ஆறரைக்கே வைன் கேட்டு வந்து நிக்கிறீங்கன்னு அதே ஃபாதர் திரும்பக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எந்திரிச்சு உட்கார்ந்து, இந்தத் தட்டையே தூக்கினாரு!"